"நீங்கள் உட்காருங்கள் மாமா"

கேள்வி: 74 வயது மாமனார் நாள் முழுதும் டிவி முன்னால். கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. ஒன்பதாம் வகுப்பு மகனுக்குப் பள்ளி, டியூஷன், செல்போன். நானோ தையல் மெஷினை விட்டு எழுவதில்லை. எல்லோருமே சோம்பேறிகள் ஆகிவிட்டோமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விடிந்தது முதல் துணி தைக்கும் நீங்கள் சோம்பேறியா? அந்தச் சொல்லை விடுங்கள் சகோதரி. உங்கள் வீட்டில் யாருக்கும் எழ வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. அதில் நம் அன்புக்கும் பங்கு உண்டு. "ஓரிடத்தில் உட்கார்ந்து படி" என்று பிள்ளையை அதட்டுகிறோம். பெரியவர் தண்ணீர் எடுக்க எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள் மாமா" என்று ஓடிப்போய்க் கொண்டுவருகிறோம். மரியாதைதான். ஆனால் அந்தப் பத்தடி நடை அவர் கால்களுக்குச் சேர வேண்டியது. நடக்காத காலில் தசை கரையும். தசை கரைந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். பயம் வந்தவர் நாற்காலியைவிட்டு எழவே மாட்டார்.

லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, இரண்டடுக்கு பஸ்ஸில் நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இருவருக்கும் அதே பஸ், அதே சாலை. அந்தக் கண்டக்டர்கள் உடற்பயிற்சி என்று தனியாக ஏறவில்லை. டிக்கெட் கொடுக்க ஏறினார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சில படிகள் வேண்டும். இஸ்திரிப் பெட்டியை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பீர்கள். அறையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தையலையும் அழுத்தித் தேய்க்க எழுந்தாக வேண்டும். கணவர் அலுவலகத்துடன் போனில் பேசும்போது நடந்தபடியே பேசட்டும். மகன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டியூஷனைக் குறைத்தாவது அதைக் கொடுங்கள்.

மாமனாருக்கு மூட்டு வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால், இன்று மாலை அவர் தம்ளரோடு எழும்போது பக்கத்தில் நில்லுங்கள். கையிலிருந்து அதை வாங்கிவிடாதீர்கள்.