ஃபோன்ல ஆட் பிளாக்கரா, ரவுட்டர்லயே காவலா?

கேள்வி: அண்ணா, மாடியில மூணு ரூம் கட்டி, ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குறவங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். பெங்கால், அஸ்ஸாம்னு எங்கெங்கயோ இருந்து வருவாங்க, பையை கீழ வெச்சதும் முதல்ல கேக்கறது வைஃபை பாஸ்வேர்டுதான், எங்க வீட்டுக்கும் அதே லைன்தான். மாமனார் பஞ்சாங்கம் ஆப்ல ராகு காலம் பாக்கப் போனா ஸ்கிரீன் முழுக்க விளம்பரம், மூடலாம்னு எக்ஸை அமுக்கினா வேற எங்கயோ போவுது, போன வாரம் 'உங்க ஃபோன்ல வைரஸ்'னு வந்ததைப் பாத்து ராத்திரி தூங்கவே இல்ல மனுஷன். பையன் ஆட் பிளாக்கர் ஆப் போட்டா போதும்ங்கிறான், வீட்டுக்காரர் ரவுட்டர்ல செக்யூரிட்டி போடணும்ங்கிறார். யார் சொல்றது சரி?
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: உங்க வீட்டு நிலைமைக்கு வீட்டுக்காரர் சொல்றதைத்தான் முதல்ல செய்யணும்மா. பையன் சொல்றதும் தப்பில்ல, ஆனா அது ஒரு ஃபோனுக்கு மட்டும்தான்.

ஒரு ஆப் விளம்பரம் காட்டணும்னா அந்த விளம்பரம் எந்த சர்வர்ல இருக்குன்னு முதல்ல விலாசம் கேக்கும், அதுக்கு பதில் சொல்ற ஏற்பாடுதான் டிஎன்எஸ். விளம்பரக்காரன் விலாசத்தைக் கேட்டா 'அப்படி ஒரு ஆளே இல்ல'ன்னு சொல்லிட்டா விளம்பரம் வராது, அவ்ளோதான் விஷயம். பெரும்பாலான ஆட் பிளாக்கர் ஆப் இந்த வேலையை ஃபோனுக்குள்ளயே ஒரு விபிஎன் மாதிரி உக்காந்து செய்யுது. ஆண்ட்ராய்டுல ஒரு நேரத்துல ஒரு விபிஎன் தான் ஓடும், அதனால ஆபீஸ் விபிஎன் போட்டா இது நின்னுடும். அதைவிட முக்கியம், விபிஎன் அனுமதி குடுத்தா ஃபோன்ல இருந்து போற வர்ற எல்லாமே அந்த ஆப் வழியாத்தான் போகும், அதனால பேர் தெரியாத கம்பெனி ஆப்பை தயவுசெஞ்சு மாமனார் ஃபோன்ல போடாதீங்க. மத்த ஆப்ல வர்ற விளம்பரத்தை தடுக்கற ஆப்பை பிளே ஸ்டோர்ல அனுமதிக்கிறது இல்ல, ஆட்கார்டுன்னு விளம்பரம் தடுக்கற ஆப் பண்ற கம்பெனி இருக்கு, அதோட முழு ஆப் கூட அவங்க சைட்லதான் கிடைக்கும். மாமனாருக்கு ஆப்பே வேணாம். ஆண்ட்ராய்டு 9ல இருந்து செட்டிங்ஸ்ல ப்ரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆட்கார்டோட டிஎன்எஸ் பேரை அடிச்சு சேவ் பண்ணுங்க. வீட்டு வைஃபையிலயும் வேலை செய்யும், பாகாயம் பஸ்ஸுல சிம் நெட்லயும் வேலை செய்யும்.

இப்ப ரவுட்டருக்கு வருவோம், உங்க விஷயத்துல எனக்கு நெஜமா கவலையே இங்கதான். மாடியில யார் யாரோ வந்து போறாங்க, அவங்க ஃபோன்ல என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது, அந்த ஃபோனும் உங்க டிவியும் கேமராவும் ஒரே நெட்வொர்க்ல உக்காந்திருக்கு. ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு விருந்தாளிங்களுக்கு தனி வைஃபை இருக்கும், அதை ஆன் பண்ணி மாடிக்கு அந்த பேரும் பாஸ்வேர்டும் மட்டும் குடுங்க, உங்க பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்திடுங்க.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு இல்ல, ரவுட்டர் செட்டிங்ஸுக்குள்ள போறதுக்கு. காட்பாடியில என் சித்தி வீட்டு ரவுட்டரை தூசி தட்டி திருப்பிப் பாத்தேன், அடியில ஸ்டிக்கர்ல யூசர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின், நாலு வருஷமா யாரும் தொடல. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படி கம்பெனி பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் ரவுட்டரையும்தான் லட்சக்கணக்குல புடிச்சுது, அக்டோபர் 21ஆம் தேதி அதுங்களை வெச்சே டைன்ங்கிற டிஎன்எஸ் கம்பெனியை அடிச்சதுல அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறிடுச்சு. பிரவுசர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 அடிச்சு உள்ள போங்க, பாஸ்வேர்டு மாத்துங்க, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காம பட்டன் அமுக்கி வைஃபையில சேர்ற வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளிய இருந்தே ரவுட்டர் செட்டிங்ஸை மாத்தற வசதி) ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, ரவுட்டரோட மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தா போட்டுடுங்க. டிஎன்எஸ் இடத்துல 94.140.14.14, 94.140.15.15 குடுத்தா விளம்பரம் குறையும், டிவிக்கும் சேத்து. மோசடி சைட்டு, வைரஸ் சைட்டை தடுத்தா போதும்னா 9.9.9.9. சில கம்பெனி குடுக்கற ரவுட்டர்ல இந்த இடம் பூட்டியே இருக்கும், அப்ப ஒவ்வொரு ஃபோன்லயும் ப்ரைவேட் டிஎன்எஸ்தான் வழி. இதெல்லாம் செய்யாம வருஷ சந்தா கட்டற ரவுட்டர் செக்யூரிட்டி எதையும் வாங்காதீங்க.

ஒண்ணு மட்டும் மாமனார்கிட்ட பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. வாட்ஸப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் (ஆப்பை நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்து அதை இன்ஸ்டால் பண்ணிட்டா ரவுட்டரும் காப்பாத்தாது ஆட் பிளாக்கரும் காப்பாத்தாது. பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு மறைக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை வாங்கி பை-ஹோல் போடலாமா சார்? யூடியூப் விளம்பரம் வந்துகினே கீது, தாங்கல.
(வாசகர், ஆம்பூர்)

பதில்: யூடியூபுக்காகன்னா வேணாம். ராஸ்பெர்ரி பைங்கிறது ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதுல போடற பை-ஹோல் வீட்டுக்கே டிஎன்எஸ்ஸா இருந்து விளம்பர விலாசத்தை மறைக்கிற சாஃப்ட்வேர். வீடியோவும் விளம்பரமும் ஒரே கூகுள் சர்வர்ல இருந்து வர்றதால விலாசத்தை வெச்சு பிரிக்க முடியாது, விளம்பரத்தை நிறுத்தினா வீடியோவும் நின்னுடும். ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு அதுல யூபிளாக் ஒரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனை சேத்து யூடியூபை பிரவுசர்லயே பாருங்க.

மத்தபடி பை-ஹோல் நல்ல பொருள், எந்த சாதனம் யார்கிட்ட பேசுதுன்னு ஒவ்வொண்ணா காட்டும், ஆர்வம் இருந்தா கத்துக்க போடுங்க. ஆனா கரண்ட் போயி வந்து அந்த குட்டி பெட்டி எழுந்திருக்கலன்னா வீட்ல யாருக்கும் நெட் வராது, வீட்ல இருக்கறவங்க உங்களைத்தான் கேப்பாங்க. ரவுட்டரை யூபிஎஸ்ல வெச்சா ராஸ்பெர்ரி பையையும் அதுலயே வைங்க. பாதுகாப்புக்குன்னு ரெண்டாவது டிஎன்எஸ்ஸா சாதா நம்பர் ஒண்ணு போட்டு வெக்காதீங்க, சாதனங்க அதையும் கேக்க ஆரம்பிச்சு விளம்பரம் திரும்ப வந்துடும்.

கேள்வி: ரவுட்டர்ல டிஎன்எஸ் மாத்தின பிறகும் பையன் ஃபோன்ல மட்டும் எல்லா விளம்பரமும் வருதே?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: அவர் ஃபோன்ல ப்ரைவேட் டிஎன்எஸ் வேற ஏதாவது இருக்கும், இல்ல விபிஎன் ஓடிட்டு இருக்கும். ரெண்டுமே உங்க ரவுட்டரைக் கேக்காம நேரா வெளிய போயிடும். முதல்ல அதைப் பாருங்க.