ஃபார்ஸியில் காரணம் சொல்வது

அன்புள்ள ஐயா,

துபாய் தேராவில் ஓர் உலர்பழக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். முதலாளி ஈரானியர். ஃபார்ஸி ஓரளவு பேச வந்துவிட்டது. ஆனால் ஏன் தாமதம், ஏன் சரக்கு வரவில்லை என்று காரணம் சொல்லும்போது தடுமாறுகிறேன். சோன், ஸீரா, பெ காத்தெரெ, பராயே இன்கே என்று புத்தகத்தில் பல சொற்கள்; எல்லாவற்றுக்கும் 'ஏனென்றால்' என்றே பொருள் போட்டிருக்கிறது. எதை எங்கே சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சுக்கு 'சோன்' போதும் ('பச்சை'யில் வரும் ச்ச போல அழுத்திச் சொல்லுங்கள்). 'தீர் ரெஸீதம், சோன் தெராஃபீக் பூத்': நெரிசலால் தாமதமாக வந்து சேர்ந்தேன். இதையே 'சோன் தெராஃபீக் பூத், தீர் ரெஸீதம்' என்று காரணத்தை முன்னால் வைத்தும் சொல்லலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை சுலபமாக வரும், தயங்க வேண்டாம். 'ஸீரா' அப்படி முன்னால் வராது. அது எழுத்தில் வாழும் சொல். படித்தால் புரிந்தால் போதும்.

'பெ காத்தெரெ'வுக்குப் பின்னால் வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும். 'பெ காத்தெரெ பாரான்', மழையால். 'பெ காத்தெரெ கொம்ரோக்', சுங்கத்தால். கடைசி 'எ'தான் அடுத்த சொல்லைக் கோக்கிறது, அதை விழுங்கிவிடாதீர்கள். சரக்கு ஏன் வரவில்லை என்று முதலாளி கேட்கிறார், வினை வாயில் வரவில்லை என்றால் இதைச் சொல்லித் தப்பித்துவிடலாம்.

நீங்கள் உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டியது 'பராயே இன்கே'யில். அது காரணத்தையும் சொல்லும், நோக்கத்தையும் சொல்லும். எது என்பதைப் பின்னால் வரும் வினைதான் காட்டிக்கொடுக்கும். 'ரஃப்தம், பராயே இன்கே பூல் பெகீரம்' என்றால் பணம் வாங்கப் போனேன். 'ரஃப்தம், பராயே இன்கே பூல் கெரெஃப்தெ பூதம்' என்றால் பணம் வாங்கியிருந்ததால் போனேன். கணக்குப் பார்ப்பவர் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்! 'ரஃப்தம்' இறந்தகாலம் என்றாலும் 'பெகீரம்' மாறாமல் நிற்பதையும் பாருங்கள். நாமும் 'வாங்கப் போனேன்', 'வாங்கப் போவேன்' என்றுதானே சொல்கிறோம்.

'பெகீரம்' என்பதன் முன்னால் ஒட்டியிருக்கும் 'பெ' இருந்தால் நோக்கம் என்று மட்டும் மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'கார் கோனம்' போன்ற கூட்டுவினைகளில் 'பெ' பெரும்பாலும் விழுந்துவிடும். எதிர்மறையில் 'நகீரம்' என்று 'ந' அந்த இடத்துக்கு வந்துவிடும். அதனால் வினையின் முன்னால் ஒட்டும் 'மீ'யைத் தேடுங்கள். நிகழ்கால வினையில் 'மீ' இருந்தால் காரணம், இல்லாவிட்டால் நோக்கம். 'பராயே இன்கே கார் கோனம்', வேலை செய்வதற்காக. 'பராயே இன்கே கார் மீகோனம்', வேலை செய்வதால். 'தாரம்', 'ஹஸ்தம்' இரண்டும் 'மீ' இல்லாமலேயே 'என்னிடம் இருக்கிறது', 'இருக்கிறேன்' என்று உள்ளதைச் சொல்லும். அவற்றை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் 'பரா இன்கே' என்று சுருங்கித்தான் காதில் விழும். 'பராயே ஹமீன்' என்று கேட்டால் அது வேறு: 'அதனால்தான்' என்று விளைவைத் தொடங்குகிறார்கள், காரணம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

உங்கள் கடையில் அன்றாடம் சொல்ல நேரும் காரணங்களில் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் 'சோன்' வைத்து ஒரு முறை, 'பெ காத்தெரெ' வைத்து ஒரு முறை எழுதிப் பாருங்கள். 'பராயே இன்கே' வாக்கியங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்