இசமாலில் ஓர் இரவு: கான்கூனிலிருந்து பெற்றோருடன் போகலாமா?

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவுடன் ஜனவரியில் ஐந்து நாள் மெக்சிகோவின் கான்கூன் போகிறோம். ஒரு நாள் மாயா பழங்குடியினரின் பழைய நகரமான சிச்சேன் இட்சா. அப்பாவுக்குக் கடற்கரையில் ஆர்வமில்லை, வரலாறு என்றால் போதும். அதனால் காலனி காலத்துச் சிறிய ஊர் ஒன்றில் ஓர் இரவு தங்க நினைக்கிறோம். மாயா மரபும் பார்க்கக் கிடைக்க வேண்டும். இசமால் நல்லது என்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், தங்குவது வீண் என்றும் சொல்கிறார்கள். எது சரி? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, முட்டைகூடச் சாப்பிட மாட்டார்.

பதில்: இரண்டுமே சரிதான். மஞ்சள் சுவர்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதென்றால் இரண்டு மணி நேரமே அதிகம். பகல் பதினொன்றுக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் உங்கள் அப்பா வரலாறு கேட்கிறார். அவருக்கு இந்த ஊரைக் காட்ட வேண்டுமானால் சாயங்காலமும் இரவும் அங்கே இருப்பதுதான் வழி. தங்குங்கள்.

முதலில் வல்லாதோலித்தா இசமாலா என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். சிச்சேன் இட்சாவுக்குப் பக்கம் வல்லாதோலித், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். விடுதிகளும் உணவகங்களும் அங்கே அதிகம். அதுவும் சாசி என்ற மாயா நகரத்தின் மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய ஊர்தான். ஆனால் அந்தப் பழைய நகரம் இன்று கண்ணுக்குப் படுவதில்லை, ஊர் நடுவே உள்ள சாசி செனோத்தே என்னும் நீர்க்குழிதான் மிச்சம். இசமாலில் அப்படியில்லை. பிரமிடுகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லைகளுக்கும் கடைகளுக்கும் நடுவில் நிற்கின்றன. உங்கள் தேவைக்கு இசமால்தான்.

இனி அப்பாவுக்கான பகுதி. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இது யாத்திரைத் தலம். கினிச் காக்மோ என்ற சூரியக் கடவுளுக்கும் இட்சம்னா என்ற இன்னொரு மாயா கடவுளுக்கும் இங்கே பிரமிடுகள் இருந்தன. நடுப்பகலில் கினிச் காக்மோ நெருப்பு இறகுள்ள பஞ்சவர்ணக் கிளியாக இறங்கி வந்து படையலை எரித்து எடுத்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. காபுல் என்ற பிரமிடுக்கு நோயாளிகளைத் தூக்கி வந்ததாகவும், நான்கு திசையிலிருந்தும் இந்த ஊருக்குச் சாலைகள் வந்ததாகவும் 1633-ல் லிசானா என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று, அகே என்ற ஊருக்குப் போகும் கல் பாவிய பாதை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம்.

பிரான்சிஸ்கன் துறவிகள் மடம் கட்ட இந்த ஊரைத் தேர்ந்ததற்கும் அதுதான் காரணம். கூட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த இடம். பாப்-ஹோல்-சாக் என்ற பிரமிடின் உச்சியை வெட்டிச் சமப்படுத்தி, அந்தக் கற்களையே எடுத்து, புனித அந்தோணியார் மடத்தைக் கட்டினார்கள். 1561-ல் வேலை முடிந்தது. மடத்து முற்றம் தெருமட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் ஏன் இருக்கிறது என்று பலருக்கும் தோன்றுவதில்லை. நீங்கள் ஏறிப் போவது பிரமிடின் அடித்தளத்தின் மேல். சுவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வளைந்து வளைந்து போகும் மாயாச் செதுக்கல் உள்ள கற்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பதிக்கப்பட்டிருப்பது தெரியும். அப்பாவிடம் அதைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.

வளைவுகள் சூழ்ந்த அந்த முற்றத்தை வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்துக்கு அடுத்த பெரியது என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அளந்து பார்க்க அவசியமில்லை, பெரிதுதான். 1993 ஆகஸ்டில் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் இங்கே வந்து அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்களைச் சந்தித்தார், அவருக்கு முற்றத்தில் சிலையும் இருக்கிறது. ஊர் முழுக்க மஞ்சள் அடித்தது அந்த வருகைக்காகத்தான் என்று ஒரு கதை, அதற்கு முன்பே மஞ்சள்தான் என்று இன்னொரு கதை. விடுதிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சு கிடைக்கும்.

தியேகோ தே லாந்தாவைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். இந்த மடத்தின் தலைவராக இருந்தவர். 1562 ஜூலையில் மனி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளையும் ஆயிரக்கணக்கான சிலைகளையும் குவித்துக் கொளுத்தியவரும் இவரே. அதையொட்டி நடந்த விசாரணையில் மாயர்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். புகார் ஸ்பெயின்வரை போனது, இவரும் அங்கே போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் இசமால் இருக்கும் யுகட்டான் பகுதி மக்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் மாயா எழுத்துகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. எழுத்தும் ஒலியும் சரியாகப் பொருந்தாத பட்டியல்தான். ஆனாலும் 1952-ல் சோவியத் ஆய்வாளர் யூரி குனோரொசோவ் அதை வைத்துக்கொண்டுதான் மாயா எழுத்தைப் படிக்க வழி கண்டார். ஏடுகளை எரித்த கை எழுதியதே மீதமிருந்ததைப் படிக்க உதவியிருக்கிறது. இதே ஆள் பிறகு மன்னிப்புப் பெற்று யுகட்டானின் ஆயராகத் திரும்பி வந்தார். மடத்துக்கு அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. அது அங்கே இருக்கலாமா என்பதை உங்கள் அப்பாவே சொல்லட்டும்.

மடத்துக் கோயிலில் உள்ள மாதா சிலைக்கும் ஒரு கதை உண்டு. 1558-ல் லாந்தா குவாத்தமாலாவிலிருந்து இரண்டு சிலைகள் கொண்டுவந்தார், ஒன்று இங்கே, இன்னொன்று யுகட்டானின் தலைநகரான மெரிடாவுக்கு. இங்கிருந்தது 1829-ல் தீயில் போயிற்று. அதன் ஜோடியை மெரிடாவிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். யுகட்டான் முழுமைக்கும் பாதுகாவலி இந்த மாதாதான், டிசம்பர் 8 திருநாளுக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து கூட்டம் வரும். நீங்கள் ஜனவரியில் போவதால் நெரிசல் இருக்காது. பூசை நடக்கும்போது உள்ளே சுற்றிவந்து படம் எடுக்காமல் இருந்தால் போதும்.

முட்டி வலிக்கு வருவோம். மடத்துக்குச் சாய்வுப் பாதை உண்டு, அம்மா மெதுவாக ஏறிவிடலாம். கினிச் காக்மோதான் யோசிக்க வேண்டியது. சதுக்கத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான், அனுமதி இலவசம், இன்னும் ஏற விடுகிறார்கள் (சிச்சேன் இட்சாவில் அது நின்று வருடக்கணக்காகிறது). அடிப்பகுதி ஒரு பக்கம் ஏறக்குறைய 200 மீட்டர், உயரம் 35 மீட்டர் அளவு. மெக்சிகோவின் மிகப் பெரிய பிரமிடுகளில் இதுவும் ஒன்று. படிகள் உயரமானவை, கைப்பிடி கிடையாது. ஆனால் இது இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு ஏறியதும் ஒரு மைதானம் மாதிரி புல்தரை விரிந்திருக்கும், அதன் மேல்தான் இரண்டாவது சிறிய பிரமிடு. அம்மாவால் முடிந்தால் முதல் அடுக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். முடியாவிட்டாலும் குற்றமில்லை, கீழே நிழலில் உட்காரலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். மேலே போகிறவர்களுக்கு மடத்தின் மஞ்சளும் சுற்றிலும் தட்டையான காடும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள், நான்கு மணிக்காவது அங்கே இருங்கள்.

இட்சமதுல், காபுல், கொனேஹோ என்று மற்ற பிரமிடுகளும் தெருக்களுக்கு நடுவில் இருக்கின்றன. காபுலின் பக்கவாட்டில் ஒரு பிரம்மாண்டமான சுதை முகம் இருந்தது. 1840-களின் தொடக்கத்தில் இங்கே வந்த ஓவியர் கேத்தர்வுட் அதைப் படமாக வரைந்தார். முகம் இன்று இல்லை, படம் இருக்கிறது. எல்லாவற்றையும் நடந்தே பார்க்க வேண்டாம். சதுக்கத்தில் குதிரை வண்டிகள் நிற்கும், ஏறும் முன் எந்த எந்த இடம், எவ்வளவு பெசோ என்று பேசிவிடுங்கள். குதிரை சோர்ந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள், அல்லது டாக்சி எடுங்கள்.

மாயர்கள் அழிந்துபோனார்கள் என்று பள்ளிப் புத்தக நினைவில் அப்பா சொல்லக்கூடும். சந்தையில் ஒரு சுற்று வந்தால் போதும். பூ வேலை செய்த வெள்ளை ஹிபில் உடுத்திய பாட்டிகள் பேசிக்கொள்வது மாயா மொழிதான், யுகட்டான் தீபகற்பத்தில் லட்சக்கணக்கானவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். சதுக்கத்தை ஒட்டி ஒரு கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. கோகோயோல் என்ற பனை விதையில் நகை செய்பவர்கள், தொங்கு படுக்கை பின்னுபவர்கள் ஆகியோரின் பட்டறைகள் எங்கே என்று அங்கே விசாரியுங்கள். வாங்குவதென்றால் கான்கூன் கடையில் வாங்காமல் இவர்களிடம் வாங்குவதே நியாயம்.

சாப்பாடு கொஞ்சம் சிரமம்தான், மறைக்கவில்லை. ஊரின் பெருமை கொச்சினிதா பிபில், அதாவது புளிப்பு ஆரஞ்சுச் சாறிலும் அச்சியோட்டே விதை மசாலாவிலும் ஊறிய பன்றி இறைச்சியை வாழை இலையில் சுற்றிக் குழியில் வேகவைப்பது. எலுமிச்சை சூப்பில் கோழி இருக்கும். பார்த்தால் சைவமாகத் தெரியும் கறுப்பு பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், பலர் ஏமாறுவது இங்கேதான். பாபட்சூலேஸ் பூசணி விதைச் சாறில் வரும், ஆனால் உள்ளே முட்டை. அம்மாவுக்கு ஏற்றது சிகில் பாக்: வறுத்த பூசணி விதையும் தக்காளியும் சேர்த்து அரைத்தது, நம் துவையலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சுடச்சுட சோள டார்டியா, அவகாடோ, சீஸ் கேசடியா, பழங்கள். ஹபனேரோ மிளகாய்ச் சட்னி தனியாக வரும், சென்னைக்காரர் என்றாலும் முதலில் துளி தொட்டுப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது "சின் கார்னே, சின் போயோ, சின் வெவோ, சின் மன்தேகா" என்று சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, முட்டை, கொழுப்பு எதுவும் வேண்டாம். கூடவே கொஞ்சம் புளியோதரைப் பொடி எடுத்துப் போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பயணத் திட்டம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கான்கூனிலிருந்து கிளம்பி, வழியில் வல்லாதோலித்தில் மதியச் சாப்பாடு, மூன்று மணி வாக்கில் இசமால். கினிச் காக்மோ, பிறகு மடம், இருட்டியதும் சதுக்கம். சில இரவுகளில் மடத்துச் சுவரில் ஒளி-ஒலிக் காட்சி உண்டு, அன்று இருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். மறுநாள் அதிகாலையில் புறப்பட்டால் எட்டு மணிக்குத் திறக்கும்போதே சிச்சேன் இட்சாவில் நிற்கலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம். கான்கூன் பேருந்துகள் வந்து குவிவதற்குள் பாதி பார்த்துவிடுவீர்கள்.

வாடகைக் கார்தான் வசதி. மாயா ரயில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, இசமாலுக்கு நிலையமும் உண்டு, ஆனால் அது ஊருக்கு வெளியே. பெற்றோரோடும் பெட்டிகளோடும் அலைய வேண்டிவரும். காருக்கு மெக்சிகோவின் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அமெரிக்கக் கடன் அட்டையின் காப்பீடு அதை ஈடுகட்டாது. இணையத்தில் தெரியும் வாடகை அந்தத் தொகை சேராதது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச் சாலை விலை அதிகம், ஆனால் காலியாக இருக்கும். இலவசச் சாலையில் ஒவ்வொரு ஊர் வாசலிலும் வேகத்தடை, சிலவற்றுக்குப் பலகைகூட இருக்காது. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். சுங்கத்துக்கும் வண்டிக்கும் சந்தைக்கும் பெசோவாகக் கையில் பணம் வேண்டும்.

பெற்றோரின் இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் கதை வேறு, கிரீன் கார்டு இல்லாவிட்டால் டிக்கெட் போடும் முன்பே மெக்சிகோ தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

கடைசியாக, கடிகாரம். கான்கூன் இருக்கும் மாநிலமும் இசமால் இருக்கும் மாநிலமும் வேறு வேறு நேரத்தில் ஓடுகின்றன. இசமால் ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், திரும்பும்போது போய்விடும். சிச்சேன் இட்சாவிலிருந்து நேரே விமானம் பிடிப்பதாக இருந்தால் இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் கிளம்ப வேண்டும்.