தேடினால் கிடைக்க வேண்டும்: இணையதளம் வைத்திருப்போர் கேள்வி – பதில்

செக்கு எண்ணெய் விற்கிறோம். வேர்ட்பிரஸ்ஸில் தளம் போட்டு மூன்று மாதமாகிறது. கடைப் பெயரை அப்படியே தேடினாலும் கூகுளில் வருவதில்லை. இன்னும் நிறைய எழுத வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

எழுதுவது இருக்கட்டும். கடைப் பெயருக்கே வரவில்லை என்றால், உங்கள் தளம் பின்வரிசையில் நிற்கிறது என்பதைவிட வரிசையிலேயே சேரவில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கூகுள் முதலில் பக்கத்தைப் படிக்க வருகிறது. பிறகு இண்டெக்ஸ் என்னும் தன் பதிவேட்டில் சேர்க்கிறது. அதற்கும் பிறகுதான் தேடுகிறவருக்கு எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்கிறது. உங்களுக்கு அடைபட்டிருப்பது முதல் இரண்டில் ஒன்று.

வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ் போய் ரீடிங் பக்கத்தைத் திறங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்ற பொருளில் கீழே ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அரைகுறைத் தளம் வெளியே தெரியக்கூடாது என்று வடிவமைப்பவர்கள் வேலை நடக்கும்போது இந்த டிக்கைப் போடுவார்கள். ஒப்படைக்கும் நாளில் எடுக்க மறந்துபோகும். அது இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் ‘நோஇண்டெக்ஸ்’ (பதிவேட்டில் சேர்க்காதே) என்ற கட்டளையைக் கூகுளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, தேடுபொறி எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt). தளத்தின் வேரில் இருக்கும். அதில், பக்கங்களைப் படிக்க வரும் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக ‘டிஸ்அலவ்’ (வராதே) என்று எழுதி, பக்கத்தில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளமும் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க நினைத்து நோஇண்டெக்ஸும் போட்டு, ரோபோட்ஸ் கோப்பிலும் தடுப்பார்கள். உள்ளே வரவே முடியாத நிரல், உள்ளே எழுதியிருக்கும் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? நீக்குவதற்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

இரண்டும் சரியாக இருந்தால், தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள். இலவசம்தான். டொமைன் முழுவதையும் சேர்க்க, டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பதிவில் (டொமைன் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் பட்டியல்) கூகுள் தரும் வரியை ஒட்ட வேண்டும். பிறகு தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கொடுங்கள்; 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானே உருவாக்கி வைக்கிறது. முக்கியமான நான்கைந்து பக்கங்களின் முகவரியை மேலே இருக்கும் பெட்டியில் இட்டு, இண்டெக்ஸ் செய்யக் கோருங்கள். ஒருமுறை போதும்; திரும்பத் திரும்ப அழுத்தினாலும் வேகம் கூடாது. சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். ‘படித்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை’ என்ற பொருளில் நிலை காட்டினால்தான் எழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்துக் கடைகளில் இருக்கும் அதே விவரத்தை நகலெடுத்து ஒட்டிய பக்கங்களுக்கு இந்த நிலை அடிக்கடி வரும்.

எங்கள் ஊர்க் கோயில்கள் பற்றி 2003 முதல் எழுதிய இருநூறு கட்டுரைகள் தளத்தில் உள்ளன. என் கணினியில் அழகாகத் தெரிகின்றன. ஆனால் தேடலில் ஒன்றுகூட வருவதில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு வரியை நகலெடுத்து வாட்சாப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக வந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடுபொறி வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைப் படிக்கிறது. இருபது வருட உழைப்பு அதற்கு வெறும் எழுத்துக் குவியல்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினால் அத்தனையும் உயிர்பெறும். மாற்றி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மூலம் பாமினியா, அல்லது திஸ்கி (TSCII), டாப் (TAB) போன்ற வேறு பழைய முறையா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். தேர்வு தவறினால் குப்பையாக வரும். மாற்றியபின் மூன்று இடங்களில் பிழை தேடுங்கள். கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து பொருளற்ற தமிழாகியிருக்கும். பாமினியில் கொம்பை முதலில் தட்டிவிட்டு மெய்யைத் தட்டுவோம். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. வரிசை மாறாமல் விட்டுப்போன இடங்களில் புள்ளி வட்டம் தெரியும். மூன்றாவது கண்ணுக்கே தெரியாது: ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான ‘௭’ புகுந்திருக்கும். அப்படி எழுதிய ‘௭ங்கள்’ வேறு சொல், ‘எங்கள்’ வேறு சொல். ‘௭’யைத் தேடி மொத்தமாக மாற்றிவிடுங்கள். கட்டுரைகளின் இணைய முகவரிகளை மட்டும் மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் போடுங்கள்.

சமையல் தளம் நடத்துகிறேன். பதிவின் முகவரியை அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீள்கிறது. சொல் பாதியில் அறுந்தும் போகிறது. ஏன்?
– வாசகி, மதுரை

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக, மூன்றெழுத்துத் தமிழுக்கு 45 இடம். வேர்ட்பிரஸ் இந்த முகவரிப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200. ‘செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டி’ என்று தலைப்பு வைத்தால் ‘செட்டிநாட்டு’க்கே 108 போய்விடும், நடுவே வரும் சிறுகோட்டையும் சேர்த்து ‘வெண்டைக்கா’ வரை 199. ‘ய்’யும் மண்டியும் வெளியே நின்றுவிடும்.

தமிழ் முகவரியால் தேடலில் பின்தங்கமாட்டீர்கள், அந்தக் கவலை வேண்டாம். பகிரத்தான் சங்கடம். இனி வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவே சிறுகோடிட்டு எழுதுங்கள், அடிக்கோடு வேண்டாம். நன்றாகப் பார்க்கப்படும் பழைய பதிவுகளைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் பழைய முகவரியிலிருந்து தானே திருப்பிவிடும்; ‘எங்களைப் பற்றி’ போன்ற நிலையான ‘பேஜ்’ வகைக்கு அந்த வசதி இல்லை, நீங்கள்தான் போட வேண்டும்.

தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா? கீவேர்டு பெட்டியில் எத்தனை சொல் நிரப்பலாம்?
– வாசகர், திருச்சி

மெட்டா கீவேர்டு பெட்டியைக் காலியாக விடுங்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

தலைப்பை உங்கள் வாடிக்கையாளர் தட்டும் விதத்தில் வையுங்கள். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று வரும். ‘மரச்செக்கு கடலை எண்ணெய்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அங்கே நிறைய இருந்தால், தலைப்பில் தமிழும் அதன் ஆங்கில எழுத்து வடிவமும் ஒருமுறை வரட்டும்; உள்ளே தமிழிலேயே எழுதுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்றோ கடைப் பெயரை மட்டுமோ வைப்பதுதான் பெரிய தவறு. பொருள், ஊர், கடைப் பெயர் என்ற வரிசையில், முக்கியமானது முதலில் வர வேண்டும். நீண்டால் வால்தான் வெட்டுப்படும்.

மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் முதலிடம் உறுதி என்று ஒருவர் போனில் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அவர் பிற தளங்களில் உங்கள் தளத்துக்கு விலைக்கு இணைப்பு வாங்கிப் போட்டால் அது கூகுளின் விதிமீறல். தேடலில் பின்தள்ளப்படும் தண்டனை உங்கள் தளத்துக்குத்தான், அவருக்கு இல்லை. வேறு யாரிடம் வேலை கொடுத்தாலும் சர்ச் கன்சோலையும் டொமைனையும் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள்.

புடவைப் படங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று போனில் எடுத்ததை அப்படியே ஏற்றுகிறோம். தளம் மெதுவாக இருக்கிறது.
– வாசகர், ஆரணி

போன் படம் 4,000 பிக்சல் அகலமும் நாலைந்து எம்பியும் இருக்கும். கைபேசித் திரைக்கு 1,200 பிக்சல் தாராளம். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும், ஜரிகையும் மங்காது. பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ஆகவே மேலே முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் ‘லேஸி லோட்’ (திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குவது) வேண்டாம்; கீழே உள்ளவற்றுக்கு இருக்கட்டும். படத்துக்கான விவரம் எழுதும் ஆல்ட் பெட்டியில் கேமரா கொடுத்த எண்ணை விடாமல், ‘மயில் கழுத்து நிற ஆரணிப் பட்டு, அரக்கு பார்டர்’ என்று கண்ணால் காண்பதை எழுதுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படிப்பதும் அந்த வரியைத்தான்.