ஏன் இங்கே வைத்தீர்கள்?

ஐயா, வணக்கம்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கிறேன். 3 ஆண்டுகளாக இணையத்தில் ‘கோ’ என்னும் கறுப்பு வெள்ளைக் கல் பலகையாட்டம் ஆடுகிறேன். 12 கியூ என்னும் தரநிலை வரை வந்தவன், ஓராண்டாக அதைத் தாண்டவில்லை. பணம் கட்டி இணைய வகுப்பில் சேரலாமா, அல்லது ஆட்டத்தை அலசிக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் கட்டாகோ நிரலே போதுமா?

ஓர் அம்மாப்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேருங்கள். ஆனால் மாதச் சந்தா வேண்டாம். தோற்ற ஆட்டம் ஒன்று கையில் இருக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாகோவை நான் குறை சொல்ல மாட்டேன். 2016 மார்ச்சில் சியோலில் கொரிய ஆட்டக்காரர் லீ சேடோலை ஆல்பாகோ என்ற கணினி நிரல் 4-1 என வென்றபோது உலகம் வியந்த வித்தை, இன்று நம் வீட்டுக் கணினியிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் எத்தனை புள்ளி இழந்தோம் என்பதை அது தசமக் கணக்கில் சொல்லிவிடும்; எந்த எண்ணத்தில் அந்தக் கல்லை வைத்தோம் என்று மட்டும் கேட்காது. நம்மைப் போன்றவர்களின் கோளாறோ அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

என் முதல் வகுப்பு ஏற்காட்டில் ஓர் ஐப்பசி இரவில், மழையால் இருமுறை இணைப்பு அறுந்து, ஒருவழியாக நடந்தது. ஆசிரியர் 47ஆவது கல்லில் ஆட்டத்தை நிறுத்தி, “ஏன் இங்கே வைத்தீர்கள்?” என்றார். இடப்பக்கம் சிக்கிய 3 கற்களைக் காப்பாற்றத்தான் என்றேன். “அவை போனால் எவ்வளவு நஷ்டம்?” என்று கேட்டார். ஜப்பானியக் கணக்கில் பிடிபட்ட கல்லுக்கு ஒன்று, அது இருந்த இடத்துக்கு ஒன்று என மொத்தமே 6 புள்ளி. அதற்காக நான் கல்லுக்கு மேல் கல்லாகச் சேர்த்துக்கொண்டே ஓட, என்னை விரட்டுகிற சாக்கிலேயே எதிராளி பலகையின் நடுவில் மதில் எழுப்பிவிட்டார். என் கற்கள் 2 கண் (எதிராளி நுழைந்து பிடிக்க முடியாதபடி உள்ளே விட்ட காலி இடங்கள்) அமைத்துப் பிழைத்தன, ஆட்டம் போய்விட்டது.

இது ஆடுபுலியாட்டத்தில் பழகிய கையின் வழக்கம் என்று பிறகு தோன்றியது. அங்கே 3 புலிகளுக்கு எதிரே 15 ஆடுகள்தான். ஐந்தாறு வெட்டுப்பட்டால் புலியை அடைக்க ஆளிருக்காது. 361 சந்திகள் கொண்ட கோ பலகையில் அந்தப் பதற்றம் தேவையில்லை என்பதை எந்த நிரலும் எனக்குச் சொன்னதில்லை, ஏனெனில் என் பதற்றம் அதற்குத் தெரியாது.

தொழில்முறை டான் (கியூவுக்கு மேலான தரம்) ஆட்டக்காரரைத் தேடிப் பெருந்தொகை கொடுக்கவும் வேண்டாம். கியூ எண் குறையக் குறைய ஆட்டம் வலுப்பதால், 3 கியூ ஆட்டக்காரரே உங்களை முன்கூட்டி 9 கற்கள் வைக்கவிட்டுச் சமமாக ஆடக்கூடியவர். பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்த 1 டான் போதும். வகுப்புக்கு முன், தடுமாறிய 3 இடங்களில் உங்கள் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். கட்டாகோவை அதற்குப் பிறகு திறக்கலாம்.

ஆசிரியர் இருக்கும் ஊரின் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தறியை நிறுத்திவிட்டு நீங்கள் உட்காரும் இரவு 9 மணி சியோலில் நள்ளிரவு 12:30. ஜெர்மனியில் அது மாலை வேளைதான்.