மலேசியக் காற்பந்து அணி கொரியாவையே தோற்கடித்தது என்கிறார் தாத்தா. உண்மையா, சும்மா அளக்கிறாரா?

உண்மைதான் தம்பி. அதை நேரில் பார்த்ததாகவும் தாத்தா சொல்கிறாரா? அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

இப்போது உள்ள பிள்ளைகளுக்கு நம் அணி என்றாலே 2015இல் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் வாங்கிய 10-0தான் ஞாபகம் வரும். 2018இல் ஃபிஃபா தரவரிசையில் 178 வரை இறங்கினோம். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமே. ஆனால் இதே அணி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று உதை வாங்கினாலும் அமெரிக்காவை 3-0 என்று அனுப்பி வைத்தது. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1975இல் கோலாலம்பூர் வந்த ஆர்சனல் 2-0 என்று தோற்றுப் போனது, இரண்டு கோலும் அடித்தது நம் தேசிய அணி முன்னணி ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி. (அது சிலாங்கூர் மாநில அணி, தேசிய அணி இல்லை என்று திருத்தக் கிளம்புகிறவர்களுக்கு: தெரியும் ஐயா.)

தாத்தா சொல்வது 1980 ஏப்ரல் ஆட்டம். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், எதிரே தென் கொரியா. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சிலாங்கூரில் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம், அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது பால் எடுக்க மரத்தைச் சீவுகிற வேலை.

மற்ற இடங்களில் ஓடத் தெரியாதவனைப் பிடித்து கோலில் நிறுத்துவார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கோலில் நிற்கத்தான் அடிதடி. காரணம் ஆர். ஆறுமுகம். தேசிய அணி கோல் கீப்பர், கை அவ்வளவு நீளம், அதனால் ஸ்பைடர்மேன் என்று பட்டப்பெயர். கையுறைக்கு எங்கே போவது? அப்பா மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போகும் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பேன். பந்து வருவதற்கு முன்னால் கித்தாப் பால் நாற்றம் மூக்கில் வந்து அடிக்கும்.

உடனே இதை இனப் பேச்சு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தடுப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். வெற்றி கோல் சபா மாநிலத்துக்காரர்கள் இருவருடையது, ஹசான் சானி கொடுத்தார், ஜேம்ஸ் வோங் அடித்தார். சோ சின் ஆனைத் 'தவுக்கே' (முதலாளி) என்றுதான் நாடே கூப்பிட்டது, எங்கள் பாட்டி உட்பட. ஆனாலும் லயத்துப் பையனுக்கு, ரேடியோவில் மலாய் வர்ணனையாளர் வாயிலிருந்து 'ஆறுமுகம், ஆறுமுகம்' என்று வருவதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவரும் வருவார்: "கொரிய நட்சத்திர ஆட்டக்காரர் சா பூம்-குன் ஜெர்மனிக்கு ஆடப் போய்விட்டார், அதனால்தான் ஜெயித்தீர்கள்." போய்விட்டார்தான். 1976இல் சியோலில் அவர் இருந்தாரே! 4-1 என்று நாம் முன்னால் இருந்தோம். கடைசிச் சில நிமிடங்களில் அவர் ஒருவரே மூன்று அடித்ததால்தான் 4-4 ஆனது. அவர்களைக் காப்பாற்ற அந்த மனிதர் தேவைப்பட்டார் என்றால் நாம் ஒன்றும் சாதாரணமாக இல்லை.

சரி, அந்த ஏப்ரல் ஆட்டத்துக்கு வருகிறேன். லயத்தில் சித்தப்பா வீட்டில்தான் டிவி, கார் பேட்டரியில் ஓடும். சார்ஜ் போட டவுனுக்கு சைக்கிளில் கட்டி எடுத்துப்போக வேண்டும். முதல் நாளே நான்தான் எடுத்துப்போனேன். அந்தக் கடைக்காரன் எங்கள் பேட்டரியை வைத்துக்கொண்டு வேறொரு செத்த பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டான். மேலே இருந்த அழுக்கைத் துடைத்து வேறு கொடுத்திருந்தான், நானும் நல்ல மனிதர் என்று நினைத்தேன். சித்தப்பா போய்க் கேட்டதற்கு, "உன் பையன் எடுத்துப்போனது இதுதான்" என்றான். தோட்டத்து ஆள் என்றால் ரசீது கேட்கமாட்டான் என்ற தைரியம். சார்ஜுக்குக் கொடுத்த அந்த ஒரு வெள்ளிக் காசுக்கு இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. இன்றுவரை வண்டிக்கு பேட்டரி மாற்றினால் பக்கத்திலேயே நின்று நம்பரை எழுதிக்கொள்கிறேன். மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. அப்புறம் தபால்தலை அளவு. அப்புறம் இருட்டு. இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்டுக்கடையில் ரேடியோ இருக்கிறது என்று எல்லோரும் செம்மண் ரோட்டில் ஓடினோம். நாங்கள் பாதி வழியில் இருக்கும்போதே கடையில் ஒரே கத்தல். 2-1. போய்ச் சேர்ந்தபோது ஒருவர் தேநீர்க் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

ஜேம்ஸ் வோங் அடித்த கோலை நான் பார்க்கவில்லை. இதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

மாஸ்கோவுக்கும் யாரும் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியாவும் புறக்கணித்தது. அது சரியா தப்பா என்று வாதாட எனக்கு அறிவு போதாது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார், மொக்தார் 1991இல் நோயில். 1994இல் சூதாட்ட ஊழல் வெடித்து லீக் ஆட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக விசாரித்தார்கள், தடை செய்தார்கள். அதற்கப்புறம் நான் பல வருஷம் பந்து பார்க்கவே இல்லை.

திரும்பப் பார்த்தது 2010 டிசம்பர். பயிற்றுநர் கே. ராஜகோபால். ஆசியான் கோப்பை இறுதி ஆட்டம், புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0. ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கோப்பை நமக்கு. மாமாக் சாப்பாட்டுக் கடைப் பெரிய திரையில் மகனோடு பார்த்தேன். டிசம்பர் 31 பொது விடுமுறை என்று பிரதமர் அறிவித்தார். அந்த சந்தோஷத்தில் மகனிடம் 1980 கதையை எடுத்தேன். "நீங்க அந்த கோலைப் பாத்தீங்களாப்பா?" என்றான்.

"பாக்காம?" என்றேன். ஹசான் சானி பக்கவாட்டில் ஓடியது, பந்து உள்ளே வந்தது, எல்லாம் கை காலை ஆட்டிச் சொன்னேன். வேறு யார் யாரோ சொல்லக் கேட்டதுதான். அவன் அதை இப்போது தன் பிள்ளைக்குச் சொல்கிறான்.

2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கிண்ணம். நாம் ஏற்கெனவே வெளியேறிவிட்டோம், கடைசி ஆட்டம் மறுபடி கொரியாவுடன். 3-2 என்று தோற்றுக்கொண்டிருந்தோம், காயநேரமும் முடியப்போகிறது, ரொமெல் மொராலெஸ் அடித்து 3-3. அதை முழுசாகப் பார்த்தேன், என் கண்ணால்.

உங்கள் தாத்தா சொல்லும் கணக்கு சரி. அரங்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னாலும் ஆமாம் போட்டுவிடுங்கள். டிக்கெட் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.