டி.சி. கிடக்கட்டும், தம்பியை யார் பார்ப்பது?

கேள்வி: எங்கள் கரும்பை வெட்ட கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பதினான்கு பேர் வந்து தோப்பில் தங்கியிருக்கிறார்கள். அதில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் கொட்டகையிலேயே கிடக்கிறாள். பள்ளியில் கேட்டால் டி.சி. வேண்டும் என்கிறார்கள். "மூணு மாசத்துல போயிடுவாங்க, உனக்கெதுக்கு வம்பு" என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, குளித்தலை

பதில்: டி.சி. விஷயம் சுலபம், சகோதரி. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அது வரத் தாமதமாகிறது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவள் சொந்த ஊரில் படித்த பள்ளியின் பெயரையும் வகுப்பையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில், அவள் பெயரைத் தேட உதவும். அதற்கும் மசியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.

சரி, சேர்த்தாயிற்று. தம்பியை யார் பார்ப்பது? முடிச்சு அங்கேதான் இருக்கிறது. விடியுமுன் அரிவாளோடு இறங்கும் அம்மா, வெட்டி, சோகை கழித்து, கட்டுக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள். வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாள் நின்றால் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் கழியாது. அதனால் முதலில் அங்கன்வாடிக்குப் போங்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளை, கேட்டுப் பாருங்கள். அவன் அங்கே உட்கார்ந்தால் அக்கா தானாகப் பள்ளிக்கு நடப்பாள். அரசுப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் உண்டு. அம்மாவிடம் படிப்பின் பெருமையை விட இதைச் சொல்லுங்கள், வேலை நடக்கும்.

மேஸ்திரியைத் தாண்டிப் பேசிவிடாதீர்கள். ஆளைக் கலைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். சாயங்காலம் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். மாமியாரிடம் வாதம் வேண்டாம். ஆனால் மூன்று மாதம் சின்ன விஷயமில்லை. வருஷா வருஷம் இப்படி விட்டுப்போனால், அடுத்த வருஷம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டே பெண் நின்றுவிடுவாள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். இருட்டில் தோப்புக்குள் ஒதுங்கும் பெண்களுக்கு உங்கள் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு மறைப்பும் ஒரு பல்பும் போட்டுக் கொடுங்கள். வெட்டுவது உங்கள் கரும்பைத்தானே.

அப்புறம், கிளம்பும் நாள் மேஸ்திரிக்கே முதல் நாள் ராத்திரிதான் தெரியும். இங்கே படித்ததற்கான சான்றைக் கடைசி நேரத்துக்கு வைக்காமல் முன்கூட்டியே பள்ளியில் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.